சிறுவர் கையின் எக்ஸ்ரேயில் குருத்தெலும்பைக் கண்டறிவது எப்படி?

பிள்ளையின் கை எக்ஸ்ரேயை முதன்முறை பார்க்கும் பெற்றோர் பலர், விரல் எலும்புகளின் அடியில் தெரியும் கறுத்த கோடுகளை முறிவு என்று எண்ணிக் கலங்கிவிடுகிறார்கள். உண்மையில் அவை எலும்பு நீளும் இடங்கள். எலும்பில் படிந்துள்ள கால்சியம், பாஸ்பேட் உப்புகள் கதிர்களைத் தடுப்பதால் அது வெண்மையாகத் தெரிகிறது. நீரும் கொலாஜன் இழைகளும் நிறைந்த குருத்தெலும்பில் அந்த உப்புகள் படியாததால், அது இருக்கும் இடம் வெற்றிடம்போலத் தோன்றுகிறது. எனவே இந்தப் படத்தில் வெண்மையைவிட இடைவெளிகளையே கூர்ந்து பார்க்க வேண்டும்.

முதலில் மணிக்கட்டைப் பாருங்கள். அங்கே 8 சிறிய எலும்புகள் இருக்க வேண்டும். ஆனால், பிறந்த குழந்தையின் படத்தில் பெரும்பாலும் ஒன்றுகூடத் தெரியாது. எட்டும் குருத்தெலும்பு வடிவில் அங்கேயே இருக்கும். முதல் சில மாதங்களில் அவற்றில் கேப்பிடேட், ஹேமேட் என்னும் இரண்டில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் எலும்புப் புள்ளி தோன்றும். பைசிஃபார்ம் என்னும் எலும்பு கடைசியாக, பெரும்பாலும் 8 முதல் 12 வயதுக்குள் தலைகாட்டும். வெண்புள்ளிகளை எண்ணி மட்டும் வயதை முடிவுசெய்துவிடாதீர்கள். அவை தோன்றும் வரிசை பிள்ளைக்குப் பிள்ளை சற்று மாறும்.

அடுத்து வளர்ச்சித் தட்டுகளை, அதாவது எலும்பு நீளும் அந்தக் கறுத்த கோடுகளை, தேடுங்கள். விரல் எலும்புகளிலும் கட்டைவிரலுக்குரிய உள்ளங்கை எலும்பிலும் அவை மணிக்கட்டை நோக்கிய முனையில் இருக்கும். மற்ற நான்கு உள்ளங்கை எலும்புகளில் விரல்களை நோக்கிய முனையில் இருக்கும். முன்கையின் ரேடியஸ் எலும்புக்கு இரு முனைகளிலும் தட்டு உண்டு என்றாலும், அதன் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ முக்கால் பங்கு மணிக்கட்டுப் பக்கத் தட்டிலேயே நடக்கிறது.

அந்த மெல்லிய கறுப்புப் பட்டைக்குள் நடப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. குருத்தெலும்புச் செல்கள் அடுக்கி வைத்த நாணயங்களைப்போல வரிசை வரிசையாகப் பெருகி, பின்னர் பல மடங்கு பருத்து எலும்பின் முனையைத் தள்ளிச் செல்ல, பின்னால் உள்ள பகுதியில் கால்சியம் படிந்து, இரத்தக் குழாய்கள் நுழைந்து, அவற்றுடன் வரும் செல்கள் புதிய எலும்பை இடுகின்றன. பருவ வயதின் முடிவில், ஆண், பெண் இருபாலரிலும், ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் இந்த வேலையை நிறுத்துகிறது. பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே தட்டு மூடிக்கொள்ளும். அதன் தடமாக ஒரு மெல்லிய வெண்கோடு சிலகாலம் தெரியலாம்.

தட்டு வழக்கத்தைவிட அகன்றும், அதை ஒட்டிய எலும்பு முனை கிண்ணம்போலக் குழிந்து ஓரம் பிசிறாகவும் தெரிந்தால், வைட்டமின் டி குறைவால் வரும் ரிக்கெட்ஸ் நோயை மருத்துவர் சந்தேகிப்பார்.

அடிபட்ட பிள்ளையிடம் கூடுதல் கவனம் வேண்டும். வளர்ச்சித் தட்டு அதைச் சூழ்ந்த தசைநார்களைவிட வலுக்குறைந்தது என்பதால், பெரியவர்களுக்குச் சுளுக்காக முடியும் அடி, பிள்ளைகளுக்குத் தட்டைப் பிளந்துவிடலாம். எலும்பு விலகாதவரை அந்தப் பிளவு எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ஆகவே படம் சரியாக இருந்தாலும், தட்டு உள்ள இடத்தில் விரலால் மெல்ல அழுத்தும்போது பிள்ளைக்கு வலித்தால், கையை அசையாமல் தாங்கிவைத்து எலும்பு மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள்.