முகப்பில் எழுதும் இரண்டு வரி

எங்கள் செக்கு எண்ணெய்க் கடைக்கு இணையதளம் தொடங்கியபோது, கடையின் நோக்கத்தைச் சொல்லும் வாசகமாக முகப்பில் ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று எழுதி வைத்தேன். மைத்துனர் படித்துவிட்டு, “இதைச் செருப்புக் கடையிலும் மாட்டலாமே மாப்பிள்ளை” என்றார். அதுதான் முதல் சோதனை. வேறு கடைக்கும் பொருந்துகிற வாசகமா, அடித்துவிடுங்கள்.

பிறகு யாருக்கு, எதை, எப்படித் தருகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மதுரைத் திட்டத்தைப் பாருங்கள்: 1998 முதல் தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி இலவசமாகத் தருகிறார்கள். நோக்கம் ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது.

எங்களுடையது கடைசியில் இப்படி அமைந்தது: ‘வாகை மரச் செக்கில், கருப்பட்டி சேர்த்து ஆட்டிய நல்லெண்ணெயை வீட்டுச் சமையலுக்குத் தருகிறோம். ஆட்டிய தேதி ஒவ்வொரு பாட்டிலிலும் இருக்கும்.’ அந்தத் ‘தேதி’க்காகவே வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். எழுதிவிட்டால் தவறாமல் ஒட்ட வேண்டுமே!

எழுதியதைத் தூங்க விடாதீர்கள். தளத்தில் எதைச் சேர்த்தாலும் அந்த வரிகளோடு ஒத்துப் பாருங்கள். தினமும் ராசிபலன் போட்டால் கூட்டம் வரும் என்று ஒருவர் யோசனை சொன்னார். எண்ணெய்க்கும் ராசிக்கும் என்ன சம்பந்தம்? மறுத்துவிட்டேன். தொழில் மாறினால் வாசகமும் மாறட்டும். கடலை எண்ணெய் ஆட்டத் தொடங்கிய வாரமே நாங்களும் திருத்தினோம்.