மனு எழுதும் மேசையிலிருந்து: ஏஐ-யிடம் கேட்கும் முறை

ஒரு தாலுகா ஆபீசுக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், ஜெராக்ஸ், மனு எழுதுவது, இதுதான் பதினேழு வருடத் தொழில். வருகிறவர்களில் பாதிப் பேர் "ஒரு மனு போடணும்மா" என்று சொல்லிவிட்டு நிற்பார்கள். யாருக்கு, எந்த நிலம், ஏற்கெனவே எங்கே கொடுத்தீர்கள், ரசீது இருக்கிறதா என்று நான்தான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவேன்.

இப்போது வரைவு எழுத சாட்ஜிபிடி, ஜெமினி என்ற இரண்டு ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவிகளையும் பயன்படுத்துகிறேன். அதில் முதலில் புரிந்த விஷயம், அவை என்னைப் போல் கேட்டு வாங்குவதில்லை. சொன்னதை எழுதும், சொல்லாமல் விட்டதைத் தானாக இட்டு நிரப்பிவிடும். ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுகிற கருவி அது. வெற்றிடத்தைப் பார்த்தால் பொருத்தமாகத் தோன்றுவதைப் போட்டுவிடும்.

தொடக்கத்தில் ஒரு பெரியவருக்காக "பட்டா மாறுதல் மனு எழுதித் தா" என்று மட்டும் கேட்டேன். இரண்டு பக்கம் வந்தது. நடுவில் ஓர் அரசாணை எண், தேதியோடு. தேடிப் பார்த்தேன், அப்படி ஓர் ஆணை எனக்குக் கிடைக்கவே இல்லை. அதை அப்படியே கொடுத்திருந்தால் அந்த மனுவை யார் மதிப்பார்கள்? அலைச்சல் அந்தப் பெரியவருக்குத்தான்.

அப்புறம் உட்கார்ந்து, அவரிடம் கேட்டதையெல்லாம் இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"பெறுநர்: வட்டாட்சியர். மனுதாரர்: 68 வயது விவசாயி, பெயருக்குப் பதில் (அ) என்று போடு. நடந்தது: தந்தை 2021-இல் இறந்தார். பட்டா இன்னும் தந்தை பெயரில் உள்ளது. வாரிசுகள் மனுதாரரும் இரண்டு தங்கைகளும். மார்ச் மாதம் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தார், நான்கு மாதமாகப் பதில் இல்லை. கேட்பது: மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா. இணைப்பு: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஒப்புகைச் சீட்டு. ஒரு பக்கம், மூன்று பத்தி. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வரிசை. புல எண், விண்ணப்ப எண் வரும் இடங்களில் கோடு விடு. நான் தராத சட்டப் பிரிவோ அரசாணை எண்ணோ சேர்க்காதே. எழுதும் முன், விட்டுப்போன விவரம் இருந்தால் என்னிடம் கேள்."

அந்தக் கடைசி வரிக்குத்தான் பலன் அதிகம். உடனே எழுதாமல், "மனுதாரரின் தாயார் உயிருடன் இருக்கிறாரா?" என்று கேட்டது. நான் கேட்க மறந்த கேள்வி. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி இறந்தவரின் மனைவியும் முதல் வகுப்பு வாரிசு. "அம்மா அப்பாவுக்கு முன்னாடியே போயிட்டாங்க" என்றார் பெரியவர். அதையும் ஒரு வரியாகச் சேர்த்தோம்.

"நீ ஒரு சிறந்த வல்லுநர்" என்று தொடங்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பெரிய பலன் தெரியவில்லை. யார் படிக்கப் போகிறார், படித்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதே போதும், நடை தானாக அமைந்துவிடுகிறது. "நீளமாக எழுதாதே" என்பதைவிட "ஒரு பக்கம், மூன்று பத்தி" என்று அளவு சொல்வது நல்லது.

தமிழில் கேட்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. வருகிற தமிழ் பல நேரம் மொழிபெயர்த்தது போலிருக்கும். "நான் இதன் மூலம் தங்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்" என்று இழுக்கும். இதற்கு நான் கண்ட வழி, பழைய மனு ஒன்றைப் பெயர், எண் எல்லாம் நீக்கிவிட்டு ஒட்டி, "இதே நடையில் எழுது" என்பது. நடையை விளக்கிப் பத்து வரி எழுதுவதைவிட ஒரு மாதிரி காட்டுவது மேல். கூடவே உட்பிரிவு, புல எண், ஒப்புகைச் சீட்டு என்று மாறக்கூடாத சொற்களையும் எழுதிக் கொடுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவில் கேள்வியின் வடிவமே முக்கியம். "எங்கள் தெருவுக்கு ஏன் ரோடு போடவில்லை?" என்று கேட்டால் பெரும்பாலும் உருப்படியான பதில் வராது. அந்தச் சட்டத்தில் வாங்க முடிவது அலுவலகத்தில் இருக்கும் பதிவுகளைத்தான். அதனால் ஏஐ-யிடம், "கீழே உள்ள குறையை, ஆவண நகல் கேட்கும் ஐந்து கேள்விகளாக மாற்று. ஒவ்வொன்றிலும் எந்த ஆவணம், எந்த ஆண்டு என்று இருக்க வேண்டும். காரணம் கேட்கும் கேள்வி வேண்டாம்" என்று சொல்கிறேன். மதிப்பீட்டு நகல், பணி ஆணை, அளவுப் புத்தக நகல் என்று பிரித்துத் தந்துவிடும். ஆனால் பிரிவு எண்களை நானே சரிபார்ப்பேன். ஒருமுறை முதல் மேல்முறையீட்டுக்கு 6(1) என்று போட்டிருந்தது. 6(1) முதலில் போடும் மனுவுக்கு; மேல்முறையீடு 19(1). இப்போதெல்லாம் அந்தப் பிரிவின் வாசகத்தையே ஒட்டி, "இதை மட்டும் வைத்து எழுது" என்கிறேன்.

திருத்தம் சொல்லும்போது "நல்லா இல்லை, மாத்து" என்றால் சரியாக இருந்த பத்தியும் கெட்டுப்போகும். "இரண்டாம் பத்தியில் தேதி வரிசை தவறு, அதை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே" என்று சொல்லுங்கள். ஐந்தாறு திருத்தம் ஆன பிறகும் சரிவரவில்லை என்றால் அந்த உரையாடலை விட்டுவிடுங்கள். எல்லாத் திருத்தங்களையும் சேர்த்து முதல் கேள்வியையே திருத்தி, புதிதாகத் தொடங்குங்கள்.

ஆதார் எண், செல்போன் எண், வங்கிக் கணக்கு எதையும் அதில் தட்டாதீர்கள். நம்மை நம்பிக் கொடுத்த விவரம் அது. கோடு விட்டு வாங்கி, வேர்டில் நிரப்பிக்கொள்ளலாம்.

அச்செடுக்கும் முன் மனுவை மனுதாரருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். அந்தப் பெரியவர் கேட்டுக்கொண்டே வந்தவர், "சின்னத் தங்கச்சி பேரு ஆதார்ல ஒரு மாதிரி, வாரிசுச் சான்றுல ஒரு மாதிரி இருக்கும்மா" என்றார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, கருவியும் கேட்கவில்லை. "இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும்" என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் கையெழுத்து வாங்கினேன்.