ஆட்டோ பிளிப்பை அணைத்துவிட்டு கியர் இறக்குவது எப்படி?

போன வருடம் ஒரு நாள் வாடகைக்கு பிஎம்டபிள்யூ எம்2 எடுத்தேன். ஆறு கியர் மேனுவல். ஜெர்மனியில் பாடன் பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் போகும் பி500 மலைச்சாலையில் ஒவ்வொரு வளைவுக்கும் கியரை இறக்கினேன். ஒரு தடவைகூட வண்டி குலுங்கவில்லை. பரவாயில்லையே, கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை என் சொந்த மாஸ்டா எம்எக்ஸ்-5இல் ஆபீஸ் போகும் வழியில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி கிளட்சை விட்டேன். வண்டி மூக்கைக் குத்தி நிமிர்ந்தது. கப் ஹோல்டரில் இருந்த காபி மூடியைத் தள்ளிக்கொண்டு கியர் லீவர் மேல் ஊற்றியது.

எம்2இல் அந்த வேலையைச் செய்தது அதன் கம்ப்யூட்டர். நான் கிளட்சை மிதித்து லீவரைத் தள்ளியதும், வரப்போகும் கியருக்கு ஏற்ற ஆர்.பி.எம்.முக்கு (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) அதுவே இன்ஜினை ஏற்றிக் கொடுத்துவிட்டது. இதுதான் ஆட்டோ பிளிப். நிஸான் 370இசட் 2009 மாடலில் முதலில் கொண்டுவந்தது. இப்போது மேனுவலில் வரும் பெரிய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றிலும் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2013இல் போர்ஷே 911 ஜிடி3 பிடிகே என்ற தானியங்கி கியர் பாக்ஸோடு மட்டும் வந்தபோது மேனுவலின் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ரசிகர்கள் விடவில்லை. 2016இல் மேனுவலில் மட்டுமே கிடைத்த 911 ஆர் வந்தது. மொத்தமே 991 கார்கள். செகண்ட் ஹேண்டில் அதன் விலை எங்கோ போனது. 2017இல் ஜிடி3யிலேயே மேனுவல் திரும்ப வந்தது. டொயோட்டா சுப்ராவுக்கு 2022இல் வந்தது. பகானி யுடோபியா, கார்டன் மரே டி.50, ஆஸ்டன் மார்ட்டின் வேலர் என்று கோடிகளில் விற்கும் கார்களிலும் மூன்றாவது பெடல், அதாவது கிளட்ச், இருக்கிறது. வேகத்துக்காக யாரும் இதை வாங்குவதில்லை. 2021 ஜிடி3 பிடிகேயில் 3.4 விநாடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொடும், மேனுவலில் 3.9. அரை விநாடியை விட்டுக்கொடுத்து கைவேலையை வாங்கிவிட்டு, அந்தக் கைவேலையையும் கம்ப்யூட்டரிடம் கொடுப்பானேன்? அந்தக் கடுப்பில்தான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

கிளட்சைப் பிடித்து வண்டி ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: அணையுங்கள்

எம்2இல் செட்டப் மெனுவில் இருக்கிறது. சுப்ராவில் ஐஎம்டி என்ற பெயரில் இருக்கும். கூடவே ஒரே டிரைவ் மோடில் நில்லுங்கள். ஸ்போர்ட்டுக்கும் நார்மலுக்கும் மாற்றி மாற்றிப் போட்டால் ஆக்சிலரேட்டர் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி பதில் சொல்லும், கால் குழம்பிவிடும்.

படி 2: உங்கள் வண்டியின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

இரண்டு கியர்களின் விகிதங்களை வகுத்தால் போதும். என் எம்எக்ஸ்-5இல் இரண்டாவது கியர் 2.991, மூன்றாவது 2.035, நான்காவது 1.594. மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தால் இன்ஜின் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் மூன்றாவதில் சுமார் 3,000 ஆர்.பி.எம்.; அதே வேகத்தில் இரண்டாவதில் சுமார் 4,400. நான்கிலிருந்து மூன்றுக்கு என்றால் கால் மடங்குக்குக் கொஞ்சம் மேலே ஏற்றினால் போதும். என் காபி கொட்டியது இந்த 1,400 வித்தியாசத்தில்தான். இன்ஜின் 3,000க்கும் கீழே விழுந்துகொண்டிருந்தபோது கிளட்சை விட்டேன். அதை 4,400க்கு இழுத்து ஏற்றும் வேலை பின் டயர்கள் தலையில் விழுந்தது. ஈர ரோடாக இருந்திருந்தால் காபியோடு போயிருக்காது.

படி 3: பிரேக் இல்லாமல் பழகுங்கள்

நேரான, காலியான ரோடு. 60இல் மூன்றாவது கியர். கிளட்சை மிதியுங்கள், லீவரை இரண்டுக்குக் கொண்டுவாருங்கள், அதே நேரம் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டுங்கள். ஆர்.பி.எம். முள் 4,400ஐத் தாண்டி ஏறி, இறங்கும் வழியில் அதைத் தொடும்போது கிளட்சை விடுங்கள். தட்டு குறைந்தால் வண்டி மூக்கைக் குத்தும். கூடினால் லேசாக முன்னால் உந்தும். ஆரம்பத்தில் கொஞ்சம் கூடவே தட்டுங்கள். எல்லோரும் பயந்து பயந்து தொடுகிறார்கள், அது பத்தாது.

நான்கு நாளில் முள்ளைப் பார்ப்பதை விட்டுவிடலாம், காது பார்த்துக்கொள்ளும். சரியாக வருகிறதா என்று தெரிய பக்கத்தில் ஓர் ஆளை உட்கார வையுங்கள். கியர் மாறும்போது அவர் தலை ஆடக் கூடாது. நான் மனைவியை உட்கார வைத்தேன். இரண்டாவது நாளே, இதற்கெல்லாம் இனிமேல் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

படி 4: பிரேக்கோடு சேர்த்து (நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்ட இடம்)

வளைவுக்கு முன்னால் வலது கால் பிரேக்கில் இருக்கும், இடது கால் கிளட்சில். அப்போது ஆக்சிலரேட்டரை யார் தட்டுவது? வலது காலே இரண்டையும் பார்க்க வேண்டும். இதற்கு ஹீல் அண்ட் டோ (குதிகாலும் கால்விரலும்) என்று பெயர் வைத்தவர்மேல் எனக்குத் தீராத கோபம். பெயரை நம்பி, முன்னங்காலை பிரேக்கில் வைத்து குதிகாலைத் திருப்பி ஆக்சிலரேட்டரை எட்டப் பார்த்து, கணுக்கால் சுளுக்கியதுதான் மிச்சம். இன்றைய கார்களில் பெரும்பாலும் குதிகாலுக்கு வேலையே இல்லை. பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டை பிரேக் பெடலின் வலது ஓரத்தில் வையுங்கள். பாதத்தின் வலது விளிம்பு ஆக்சிலரேட்டர் மேல் தொங்கும். பாதத்தை வலப்பக்கம் லேசாக உருட்டினால் தட்டு விழும்.

இது புரிந்த பிறகும் வரவில்லை. காரணம், நான் பழகிய விதம். வீட்டுக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில், இன்ஜினை அணைத்துவிட்டு தினம் கால் மணி நேரம் பழகினேன். இன்ஜின் ஓடாதபோது இரண்டு மூன்று மிதியிலேயே பிரேக்கை மிதிக்க உதவும் பூஸ்டரில் இருக்கும் வேக்குவம் தீர்ந்துபோகும். அப்புறம் பெடல் கல்லு மாதிரி உயரத்திலேயே நிற்கும். அந்தத் தப்பான உயரத்துக்கு என் கால் பழகிவிட்டது. நின்ற இடத்தில் பழகுவதானால் திறந்த வெளியில், ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில், இன்ஜின் ஓட ஓடப் பழகுங்கள். மூடிய கராஜில் வேண்டாம், புகை ஆளைக் கொன்றுவிடும்.

அடுத்து ரோட்டுக்கு வந்தேன். சிவப்பு சிக்னலுக்கு மெதுவாக பிரேக் பிடிக்கும்போது பிரேக் பெடல் ஆக்சிலரேட்டரைவிட இரண்டு விரல் உயரத்தில் நிற்கிறது. எட்டுவதற்காக பாதத்தை உருட்டினால் பிரேக் இன்னும் அழுந்துகிறது. பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தே என்னைத் திட்டினார். விஷயம் இதுதான்: ஸ்போர்ட்ஸ் கார்களில் பெடல்களை அமைத்திருப்பது பலமாக பிரேக் பிடிக்கும்போது இரண்டும் ஒரே மட்டத்துக்கு வருகிற மாதிரி. மென்மையாகப் பிடித்தால் கடைசிவரை வராது. ஆகவே இதை ஊருக்குள் பழகாதீர்கள். இங்கே ஜெர்மனியில் ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம் நடத்தும் டிரைவிங் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. இல்லையென்றால் டிராக் டே, அதாவது ரேஸ் டிராக்கில் சொந்த வண்டியை ஓட்ட விடும் நாள். எடுத்த எடுப்பில் நியூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கின் 20.8 கி.மீ. வடக்குச் சுற்றுக்குப் போக வேண்டாம். சுற்றுலா ஓட்டங்களில் அங்கே போக்குவரத்துச் சட்டம் பொருந்தும், பின்னால் வருகிறவர் உங்கள் பயிற்சிக்காகக் காத்திருக்க மாட்டார்.

பயிற்சி மையத்திலோ டிராக்கிலோ முதலில் கியரைத் தொடவே தொடாதீர்கள். 80இல் போய் பலமாக பிரேக் பிடியுங்கள், கிளட்சை மிதியுங்கள், தட்டுங்கள். அவ்வளவுதான். தட்டும் நொடியில் சீட் பெல்ட் நெஞ்சை அழுத்துவது கூடினாலோ குறைந்தாலோ, பிரேக்கில் கால் அசைகிறது என்று அர்த்தம். நான் நாற்பது தடவை இதையே செய்தேன். நாற்பதாவதில்தான் பெல்ட் ஒரே சீராக இருந்தது. அன்றே கியரையும் சேர்த்துவிட்டேன், அரை மணி நேரத்தில் வந்துவிட்டது.

வரிசை முக்கியம்: பிரேக், வேகம் குறைந்த பிறகு கிளட்ச், லீவரும் தட்டும் சேர்ந்து, கிளட்சை விடுதல், கடைசியில் ஸ்டியரிங். பிரேக்கில் கால் வைத்த உடனே கியரை இறக்கினால் ஆர்.பி.எம். எகிறும்.

லீவரைப் பற்றி ஓர் எச்சரிக்கை

இறுக்கிப் பிடிக்காதீர்கள். 120இல் ஐந்திலிருந்து நான்குக்கு வரும்போது உங்கள் பக்கம் இழுத்துவிட்டால் லீவர் இரண்டில் போய் விழும். என் வண்டியில் இன்ஜின் 7,500தான் தாங்கும். அந்த வேகத்தில் இரண்டாவது கியர் அதை 8,800க்கு மேல் சுற்ற வைக்கும். இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரம் இன்ஜினை இழுத்துச் சுற்றுவதை அதனால் நிறுத்த முடியாது. உள்ளங்கையை விரித்து வைத்துத் தள்ளுங்கள், லீவரை நடுவுக்குக் கொண்டுவருவது ஸ்பிரிங்கின் வேலை.

ஷூ: மெல்லிய அடி, குறுகலான முனை. ரேஸ் ஷூ என்று விலை கொடுத்து வாங்க வேண்டாம், சாதாரண கேன்வாஸ் ஷூவில்தான் நான் கற்றேன். ஓட்டப் பயிற்சி ஷூ கூடவே கூடாது. அந்த மெத்தையில் பெடல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

சேர்க்கை 1: பிரேக்கை மிதித்துக்கொண்டு தட்டினால் இன்ஜின் அசையவே இல்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். உங்கள் கால்மேல் தப்பில்லை. சில கார்களில் இரண்டு பெடலும் ஒன்றாக அழுந்தினால் கம்ப்யூட்டர் ஆக்சிலரேட்டரைக் கண்டுகொள்ளாது, பாதுகாப்புக்கான ஏற்பாடு. பயிற்சியைத் தொடங்கும் முன் நின்ற இடத்திலும், காலியான இடத்தில் மெதுவாக ஓடும்போதும் சோதித்துப் பாருங்கள். அசையவில்லை என்றால் அந்தக் காரில் படி 3ஓடு நின்றுவிடுங்கள்.

சேர்க்கை 2: டபுள் கிளட்ச் வேண்டுமா? வேண்டாம். என் மாமா லாரி ஓட்டிய காலத்தில் கியர் பாக்ஸில் சிங்க்ரோமெஷ் (கியர்களின் சுழற்சி வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஒரு மிதி மிதித்து, மறுபடி கிளட்ச் பிடித்தால்தான் கியர் விழும். இல்லாவிட்டால் பல் கடிக்கும். இன்றைய காரில் அந்த வேலையை சிங்க்ரோ செய்துவிடுகிறது. கிளட்சை விடும்போது வரும் குலுக்கல் மட்டும்தான் நம் பொறுப்பு. மாமாவிடம் போனில் இதையெல்லாம் விளக்கினேன். லோடு எவ்வளவு ஏற்றுவாய் என்று கேட்டார்.

சேர்க்கை 3: சென்னையிலிருந்து ஒருவர், அங்கே எங்கே பழகுவது என்று கேட்டிருக்கிறார். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக், கோவையில் காரி மோட்டார் ஸ்பீட்வே இரண்டும் இருக்கின்றன. டிராக் டே எப்போது என்று விசாரித்துப் போங்கள். பெடல்களின் வரிசை அங்கும் இதேதான், கால் பாடம் மாறாது. கைப்பாடம் மாறும். வலப்பக்கம் உட்கார்ந்து இடது கையால் கியர் போடுவதால், உங்கள் பக்கம் இழுத்தால் இரண்டில் விழாது. எதிர்ப்பக்கம் தள்ளினால் விழும். நான் இங்கே வந்த புதிதில் ஒரு மாதம் கியர் என்று நினைத்துக் கதவில் இடித்துக்கொண்டிருந்தேன்.