குழந்தை இதய நிபுணருக்குத் தேர்வு வைக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. ஜலகண்டேசுவரர் 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார், பாலாறும் நல்ல மழை வந்தால் ஓடத்தான் செய்கிறது, கேலி மட்டும் வேலூரை விட்டுப் போகவில்லை. குழந்தை இதய மருத்துவத்துக்கான தேர்வுகளுக்குக் கேள்வி எழுதும் கூட்டங்களில் சில வருடம் உட்கார்ந்தபிறகு, அந்தப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்க்கலாம்போல இருக்கிறது: புளூபிரிண்ட் இல்லாத கேள்வித்தாள்.

பள்ளிக்கூடத் தாளுக்குக்கூட எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கணக்குப் போட்டுத்தான் எழுதுவார்கள். டி.எம்., டி.ஆர்.என்.பி. என்ற உயர் சிறப்பு மருத்துவப் படிப்புகள் அளவுக்கு வந்ததும் "எல்லாரும் சீனியர்கள், ஆளுக்குப் பத்துக் கேள்வி அனுப்புங்கள் சார்" என்று விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். துடிப்புக் கோளாறு பார்ப்பவர் பத்தும் ஈ.சி.ஜி.யாகவே அனுப்புவார், ரத்தக்குழாய் வழியே சிகிச்சை செய்யும் கேத் லேப்காரர் ஓட்டையை அடைக்கும் டிவைஸின் அளவு கேட்பார். சேர்த்துப் பார்த்தால் ஆயுளில் ஒருமுறை பார்க்கிற நோய்க்கு மூன்று கேள்வி இருக்கும், வி.எஸ்.டி. (இதயத்தின் கீழ் அறைகளுக்கு நடுவே ஓட்டை) உள்ள கைக்குழந்தை எடை ஏறாமல் வந்தால் எப்போது அறுவைக்கு அனுப்புவது என்பதற்கு ஒன்றுகூட இருக்காது. பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறக்குறைய 8 பேருக்கு இதயக் குறை இருக்கிறது. அந்தக் குழந்தைகளுக்காக ஒரு நிபுணர் தினமும் எடுக்கும் முடிவுகள் என்னென்ன என்று முதலில் எழுதி, அதற்கு இடம் ஒதுக்கி, அப்புறம்தான் கேள்விக்குப் போக வேண்டும்.

வெளியூர்க் கேள்வியை அப்படியே இறக்குவது இன்னொரு சறுக்கல். அமெரிக்காவில் இந்தத் துறைக்குத் தனிச் சான்றிதழ் 1961-ல் வந்தது. வேலூரில் முதன்முதலாகத் திறந்த இதய அறுவை நடந்ததும் அதே வருடம்தான். அமெரிக்காவில் கேள்வி வங்கி பெரிது, எடுத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ருமாட்டிக் காய்ச்சலில் (தொண்டைத் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதய வால்வையும் தாக்கும் நோய்) மாட்டிக்கொள்வோம். அந்த நோயை உறுதிசெய்யப் பயன்படும், 2015-ல் திருத்திய ஜோன்ஸ் அளவுகோல், நோய் அரிதான இடத்துக்கு ஒரு கணக்கும் நம்மைப் போன்ற இடத்துக்கு வேறு கணக்கும் சொல்கிறது. அங்கே பல மூட்டுகளில் வீக்கம் இருந்தால்தான் பெரிய அறிகுறி. இங்கே ஒரே மூட்டு வீங்கினாலும், பல மூட்டுகளில் வலி மட்டும் இருந்தாலும் (வேறு காரணம் இல்லையென்றால்) பெரிய அறிகுறியாகவே எடுக்கலாம். அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையான ஈ.எஸ்.ஆர். அங்கே 60, இங்கே 30 போதும். குடியாத்தத்திலிருந்து முழங்கால் வீங்கி வந்த ஒன்பது வயதுப் பையனைப் பற்றிக் கேட்டுவிட்டு, விடைக்குறிப்பில் அந்த ஊர்க் கணக்கை வைத்தால், சரியாகப் படித்தவன்தான் மார்க் இழப்பான்.

கேள்வியின் வடிவத்துக்கு வருகிறேன், எனக்கு அதிகம் எரிச்சல் வருவது இங்கேதான். "ஃபாலோட் நான்மை பற்றிக் கீழ்க்கண்டவற்றுள் எது சரியல்ல?" என்ற கேள்வி (நான்கு குறைகள் சேர்ந்து வந்து குழந்தை நீலம் பாரிக்கும் பிறவி இதய நோய் அது) எதைச் சோதிக்கிறது? "அல்ல" என்ற சொல்லைக் கவனித்தாரா என்பதை. அதையே இப்படிக் கேளுங்கள்: நான்கு மாதக் குழந்தை, குளிக்க வைக்கும்போது வீறிட்டு அழுது நீலம் பாரித்துவிட்டது, முன்பு நன்றாகக் கேட்ட மர்மர் (இதயத்தில் கேட்கும் கூடுதல் இரைச்சல்) இப்போது கேட்கவே இல்லை, உடனே செய்ய வேண்டியது என்ன? மர்மர் குறைந்தது நல்ல சேதி என்று நினைப்பவர் இங்கே பிடிபடுவார். நுரையீரலுக்கு ரத்தம் போவது குறைந்துவிட்டது என்று புரிந்தவர் முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் பிடிப்பதில் ஆரம்பிப்பார். எழுதி முடித்ததும் நான்கு விடைகளையும் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் படித்துப் பாருங்கள். பதில் சொல்ல முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் வேகவில்லை. சரியான விடை மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு நீளமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், பாதிப் பேர் அதை வைத்தே டிக் அடிப்பார்கள்.

எக்கோவை (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) அசையாத படமாக அச்சடித்துக் கொடுப்பதும் அப்படித்தான். எக்கோ என்பதே அசைவு, வால்வு கசிகிறதா என்று ஓடும் காட்சியில் பார்க்கிறவரிடம் ஒரு மங்கல் படத்தை நீட்டி அதட்டுவது நியாயமில்லை.

செய்முறைத் தேர்வில் ஒரே ஒரு லாங் கேஸ் (ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதித்து விளக்குவது) வைப்பது சுத்த லாட்டரி. ஒருவருக்குச் சாதாரண ஏ.எஸ்.டி. (மேல் அறைகளுக்கு நடுவே ஓட்டை) விழும், அடுத்தவருக்கு இதயமே வலப்பக்கம் இருக்கிற குழந்தை. ஒரு நோயில் கெட்டிக்காரர் இன்னொன்றில் தடுமாறுவது சகஜம் என்பதால் பல சின்ன நிலையங்களாக வைப்பதுதான் நம்பகமானது, 1975-லேயே மருத்துவக் கல்வியாளர் ஹார்டன் ஸ்காட்லாந்தின் டண்டியில் ஆஸ்கி என்ற இந்தப் பல நிலைய முறையைக் காட்டிவிட்டார். குழந்தைக்கும் அது உபகாரம். பத்துப் பேர் மாற்றி மாற்றி ஸ்டெத்தை வைத்தால் எந்தக் குழந்தை அழாமல் இருக்கும்? அழுகிற குழந்தையின் நெஞ்சில் பதினோராவது ஆளுக்கு மர்மர் கேட்காது. பதிவு செய்த ஒலி இதற்குப் போதும்.

அந்த நிலையங்களில் ஒன்றாவது தாயோடு பேசுவதாக இருக்கட்டும். "பால் குடிக்கும்போது மூச்சு வாங்குது டாக்டர், தலையெல்லாம் வேர்த்துடுது" என்று ஆம்பூர்க்கார அம்மா சொன்னால் அது இதயம் திணறுவதற்கான அடையாளம் என்று பிடிக்கத் தெரிகிறதா, "ஓட்டைன்னா ரத்தம் வெளிய கொட்டிடுமா?" என்று அவர் கேட்டால் பதற வைக்காமல் பதில் சொல்ல வருகிறதா, இதையெல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் எந்த எம்.சி.க்யூ.வும் சொல்லாது.

தேர்ச்சிக்கு 50 என்று கண்ணை மூடிக்கொண்டு வைக்காதீர்கள். தாள் கடினமாக இருந்தால் அதே 50 அநியாயம், சுலபமாக இருந்தால் ஆபத்து. ஆங்காஃப் முறையில் ஒவ்வொரு கேள்விக்கும், மயிரிழையில் தேறக்கூடியவர்கள் நூறு பேரில் எத்தனை பேர் சரியாக எழுதுவார்கள் என்று தேர்வாளர்கள் தனித்தனியே மதிப்பிடுவார்கள், அந்தச் சராசரியிலிருந்து கோடு பிறக்கும். வேலைதான், ஒரு நாள் போகும்.

முடிவு வெளியிடும் முன் விடைகளை ஒருமுறை அலசுங்கள். அதிக மார்க் எடுத்தவர்கள் எல்லாரும் தவறாகவும் குறைந்த மார்க் எடுத்தவர்கள் சரியாகவும் எழுதிய கேள்வி ஒன்று இருந்தால், பெரும்பாலும் விடைக்குறிப்பில்தான் கோளாறு. ஒருமுறை அப்படி ஒன்று மாட்டியது, எழுதியது நான்தான்.