சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டு அமைக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு முதல் ஏழு வயதுக்குள் பன்னிரண்டு பிள்ளைகள். ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் ஒருவன் மூலையில் மண்ணைக் கிளறுகிறான், இருவர் தள்ளிக்கொள்கிறார்கள், ஒருத்தி அழுகிறாள். உடனே பிள்ளைகளை அதட்டத் தோன்றும். பெரும்பாலும் கோளாறு விதியில் இருக்கிறது.

'அவுட்' ஆனவரை உட்காரவைப்பது. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. முதலில் அவுட் ஆவது பெரும்பாலும் குழுவிலேயே சின்னவர், மெதுவாக ஓடுபவர். யாருக்குப் பழக்கம் அதிகம் தேவையோ அவருக்குத்தான் ஆட்டம் குறைவாகக் கிடைக்கிறது. ஓரத்தில் சும்மா உட்கார்ந்த நான்கு பேர் சேர்ந்தால் அங்கே வேறொரு ஆட்டம் தொடங்கிவிடும்; அது உங்களுக்குப் பிடிக்காது. மியூசிக்கல் சேரில் நாற்காலியை மட்டும் குறையுங்கள், பிள்ளைகளைக் குறைக்காதீர்கள். பாட்டு நிற்கும்போது மிச்சமுள்ள நாற்காலிகளில் எல்லோரும் எப்படியாவது இடம்பிடிக்க வேண்டும். நாற்காலி சாயும் என்பதால் அதற்குப் பதில் தரையில் பாய்த்துண்டு அல்லது அட்டை போடுவது நல்லது. வழுக்கும் தரையென்றால் சாக்பீஸ் வட்டமே போதும். ஓடிப்பிடிக்கும் ஆட்டத்தில் பிடிபட்டவர் ஐந்து தவளைக் குதி குதித்துவிட்டு மறுபடி உள்ளே வரலாம்.

வரிசையில் நிறுத்துவது. ஒரு பந்து, பன்னிரண்டு பேர், ஆளுக்கு 20 விநாடி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எறிந்த பிள்ளைக்கு அடுத்த முறை பந்து வர ஏறக்குறைய நான்கு நிமிடம். நான்கு பேர் கொண்ட மூன்று குழு, மூன்று பந்து என்றால் ஒரே நிமிடம். கூடுதல் பந்து இல்லையா? காகிதத்தைக் கசக்கி மேலே ஒட்டுநாடா சுற்றினால் ஆயிற்று. பலூன் வேண்டாம், வெடித்த துண்டு தொண்டையில் சிக்கினால் மூச்சடைத்துவிடும்.

விதிகளை ஒரே மூச்சில் ஒப்பிப்பது. தொடக்கத்தில் இரண்டு போதும்: எப்படி நகர்வது, எப்போது நிற்பது. செய்து காட்டுங்கள், பிறகு கணக்கில் சேராத ஒரு வெள்ளோட்டம். மூன்றாம் விதியை அதற்கான தகராறு வரும்போது சேர்த்தால் தானாகப் புரியும். நிற்கச் சொல்லும் சைகையை, கைதட்டலோ விசிலோ, ஆட்டத்துக்கு முன்பே இரண்டு மூன்று முறை பழக்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவது. ஆட்டம் சரிவரவில்லை என்றால் இடம், ஆள், பொருள், நகரும் விதம் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு சுற்று பாருங்கள். பிடிப்பவர் மூச்சிரைத்தும் யாரையும் தொட முடியவில்லையா? ஐந்தாறு பேருக்கு ஒருவர் என்று பிடிப்பவரைக் கூட்டுங்கள். மோதிக்கொள்கிறார்களா? ஓட்டத்தை வேகநடையாக்குங்கள். "அந்த மரம் வரைக்கும்" என்ற எல்லை இந்த வயதுக்குப் புரியாது. தரையில் கோடு வேண்டும். கயிறு போட்டால் கால் தடுக்கும். ஓட்டம் முடியும் கோடு சுவரிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருக்கட்டும், பிள்ளைகள் கோட்டில் நிற்க மாட்டார்கள்.

ஒப்புக்குச் சப்பாணி ஆக்குவது. சின்னவனையோ ஓட முடியாத பிள்ளையையோ கணக்கில் சேர்க்காமல் ஆடவிடுவதும், நிரந்தர நடுவராக்குவதும் ஒன்றுதான். பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும். விதியை எல்லோருக்கும் மாற்றுங்கள்: அனைவரும் உட்கார்ந்தபடியே பந்தை உருட்டி ஆடலாம், அல்லது போர்வையின் ஓரங்களைச் சேர்ந்து பிடித்துப் பந்தைத் துள்ளவிட்டுக் கீழே விழாமல் எத்தனை முறை என்று எண்ணலாம். தலைவர்களை வைத்து ஆள் பிரிப்பதையும் விட்டுவிடுங்கள், கடைசியாக நிற்பது எப்போதும் ஒரே பிள்ளைதான். வண்ணத் துணித்துண்டைக் கொடுத்துப் பிரித்தால் வேலை முடிந்தது.

"என்ன விளையாடலாம்?" என்று கேட்பது. புது ஆட்டத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டுமென்றால் இந்தக் கேள்வி உதவாது. பத்துக் கூச்சல் வரும், அல்லது மௌனம். மூன்று பொருளும் ஒரு சிக்கலும் கொடுங்கள்: ஒரு பந்து, இரண்டு அட்டை, ஒரு வாளி. "கையால தொடாம பந்தை வாளிக்குள்ள போடணும், எப்படி?" யோசனை வந்ததும் சரியா தவறா என்று விவாதிக்காமல் ஒரு சுற்று ஆடிப் பாருங்கள். இரண்டு யோசனை மோதினால் முதலில் இது, அடுத்து அது. உங்களுக்கு அபத்தமாகத் தெரியும் விதியை ஆபத்தில்லாதவரை திருத்தாதீர்கள். அது ஓடாது என்றால் ஆடும்போது அவர்களே கண்டுபிடித்து, உங்களுக்கு முன்பே மாற்றிவிடுவார்கள்.