வீட்டில் விளாம்பழ ஜாம்: பொறுக்குவதிலிருந்து போத்தலில் அடைப்பது வரை

விளாம்பழ ஜாமில் முக்கால்வாசி வேலை அடுப்பு மூட்டுவதற்கு முன்பே முடிந்துவிடும். பழம் சரியாக இருந்தால் சீனியும் அடுப்பும் போதும், பழம் சரியில்லை என்றால் எதைப் போட்டு எவ்வளவு நேரம் கிண்டினாலும் அந்தத் துவர்ப்பு நாக்கை விட்டுப் போகாது. அதனால் பழத்தைப் பற்றித்தான் முதலில் சொல்லப்போகிறேன், கொஞ்சம் நீளமாகவே சொல்வேன்.

திருகோணமலைப் பக்கம் விளாத்திக்குப் பஞ்சமில்லை. வறண்ட மண்ணுக்கு ஏற்ற மரம் அது. யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளவு ஓரத்திலும் பற்றைக்காட்டு விளிம்பிலும் தன்பாட்டில் நின்று காய்க்கும். மரத்தில் ஏறியோ தடியால் அடித்தோ விழுத்தாதீர்கள். அடித்தால் முற்றாத காயும் சேர்ந்து விழும், அவை பிறகு எத்தனை நாள் வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது, வாடித்தான் போகும். பழுத்த பழம் தானாக விழும். அதைப் பொறுக்கினால் போதும், இரவில் விழுந்ததைக் காலையிலேயே பொறுக்கிவிட்டால் எறும்பு ஏறாது. கந்தளாய்ப் பக்கம் காட்டோரத்தில் உள்ள மரம் என்றால் மட்டும் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, துணைக்கு ஆளோடு போங்கள். விளாம்பழம் யானைக்கும் பிடித்த பழம், இதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

பொறுக்கிய பழத்தைச் சோதிக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ஒரு அடி உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் விடுங்கள். காய் என்றால் துள்ளும், பழம் என்றால் தொப்பென்று விழுந்த இடத்திலேயே கிடக்கும். அதோடு காம்பு இருந்த இடத்தை மூக்கருகே பிடித்துப் பாருங்கள், ஓட்டைத் தாண்டிக்கொண்டு புளிப்பும் இனிப்பும் கலந்த வாசம் வரவேண்டும். கையில் எடுக்கும்போது பருமனுக்கேற்ற பாரம் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். யானை உண்ட விளாங்கனி என்று சொல்வார்களே, வெளியில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே ஒன்றும் இல்லாத பழங்கள் உண்மையிலேயே அகப்படும். வெடிப்பு உள்ளதையும் ஊசித் துவாரம் உள்ளதையும் ஜாமுக்கு எடுக்கவே வேண்டாம்.

வாசம் வந்தும் இன்னும் முழுதாகப் பழுக்காதவற்றை முற்றத்தில் ஒரு சாக்கை விரித்து வெயிலில் பரப்பி விடுங்கள். ஒரு வாரம், சிலவேளை இரண்டு வாரம்கூட எடுக்கும். இரவில் உள்ளே எடுத்து வையுங்கள், பனியும் மழையும் படக்கூடாது. மாரி காலத்தில் இந்த வேலை சரிவராது. ஈரக்காற்றில் ஓட்டின் மேல் பூஞ்சணம் பிடித்துவிடும், ஆகவே வெயில் எறிக்கும் மாதங்களிலேயே ஜாம் காய்ச்சி வைப்பதுதான் நல்லது. சந்தையில் வாங்குவதானால் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடைப்பதற்குத் தேங்காய் உடைக்கிற கத்தியின் முதுகுப் பக்கம் போதும். பழத்தைக் கையில் பிடித்து, நடுவில் சுற்றிச் சுற்றி அளவாகத் தட்டினால் இரண்டாகப் பிளக்கும். ஓங்கி ஒரே அடி அடித்தால் ஓடு நொறுங்கிச் சதைக்குள் போய்விடும், பிறகு அந்தத் துண்டுகளைப் பொறுக்குவதே பெரிய பாடு. உள்ளே சதை கருமண்ணிறமாக, ஈரப்பிடிப்பாக, மினுக்கமாக இருக்கவேண்டும். அதற்குள் சின்னச் சின்ன வெள்ளை விதைகள் நிறைந்திருக்கும், இடையிடையே நார் ஓடும். சதை வெளிறி மஞ்சளாக இருந்தால் அது இன்னும் காய்தான், உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் தெரிந்தால், புழு இருந்தால், முழுப் பழத்தையும் எறியுங்கள். கெட்டதை வெட்டிவிட்டு மிச்சத்தை எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு பழத்தை மிச்சம் பிடிக்கப்போய் முழுச் சட்டியும் வீணாகும்.

கரண்டியால் சதையை வழித்தெடுங்கள், ஆனால் ஓட்டைச் சுரண்ட வேண்டாம். ஓட்டோடு ஒட்டிய பகுதியில்தான் துவர்ப்பு அதிகம். பெரிய பழமாக இருந்தால் எட்டுப் பத்துப் பழத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ சதை வரும்.

அந்த ஒரு கிலோவுக்கு முக்கால் லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு நேரே பிசையத் தொடங்குங்கள். பிளெண்டரில் போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள், போடக்கூடாது. விதை அரைபட்டால் ஜாம் கசக்கும், நறநறவென்றும் இருக்கும், அதைப் பிறகு எந்த வடியாலும் பிரிக்க முடியாது. கையால் பிசைந்தால் நார் விரலில் சிக்கும், அதை அப்படியே எடுத்து எறிந்துவிடலாம். தேத்தண்ணி வடி இதற்குச் சரிவராது, கண் சிறிது, அடைத்துக்கொள்ளும். ஓட்டை கொஞ்சம் பெரிதான அரிதட்டில் ஊற்றி, கரண்டியின் அடிப்பக்கத்தால் அழுத்தித் தேய்த்தால் விதை மேலே நிற்கும், வழவழவென்ற மண்ணிறக் கூழ் கீழே இறங்கும். அரிதட்டின் அடியில் ஒட்டியிருப்பதை மறக்காமல் வழித்தெடுங்கள், மிகவும் திடமான கூழ் அதுதான். மேலே நின்ற விதைக்கு இன்னும் ஒரு கோப்பை தண்ணீர் விட்டு இரண்டாம் தரம் பிசைந்து வடித்தால் நிறையவே இறங்கும்.

இனிச் சட்டி. அலுமினியம் வேண்டாம், விளாம்பழப் புளிப்பு அதோடு சேர்ந்தால் சுவை கெடும். எவர்சில்வர் பாத்திரம் அல்லது நன்றாகப் பழகிய மண்சட்டி, வாய் அகலமாக, அடி தடிப்பாக. பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். இந்தக் கூழ் கொதிக்கும்போது பெரிய குமிழி கட்டி வெடித்துக் கையில் தெறிக்கும், அந்தச் சூடு சும்மா சூடில்லை. நீளக் காம்புள்ள மர அகப்பையும் முழங்கை மூடிய சட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகள் இருந்தால் குசினிக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

முதலில் கூழை மட்டும் நடுத்தர நெருப்பில் வைத்துத் தண்ணீர் கொஞ்சம் வற்றும்வரை கிண்டுங்கள். பிறகுதான் சீனி. ஒரு கிலோ கூழுக்கு முக்கால் கிலோ என்பது என் கணக்கு. சம அளவு போடுகிற வீடுகளும் உண்டு, எனக்கு அது திகட்டும், புளிப்புத் தெரியாத விளாம்பழ ஜாமைக் காய்ச்சி என்ன பயன்? சீனியை ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு மூன்று தரமாகப் போட்டு, ஒவ்வொரு தரமும் கரைந்த பிறகு அடுத்ததைப் போடுங்கள். ஒரு சிட்டிகை உப்பு, விரல் நீளக் கறுவாத் துண்டு ஒன்று. பழம் இனிப்பு ரகமாக இருந்தால் மட்டும் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி. வனிலா போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து போடாதீர்கள். பனங்கட்டி சேர்க்க விருப்பமென்றால் சீனியில் கால்வாசிக்குப் பதிலாகச் சேர்க்கலாம், அதற்கு மேல் போனால் பனங்கட்டி வாசம்தான் நிற்கும், விளாம்பழம் ஒளிந்துகொள்ளும்.

சீனி போட்ட பிறகு சட்டியை விட்டு நகரக்கூடாது. தொலைபேசி அடித்தாலும் எடுக்க வேண்டாம். அகப்பை சட்டியின் அடியைத் தொட்டுத் தொட்டுப் போகவேண்டும், அடி பிடித்தால் அந்தப் புகை வாசம் முழு ஜாமிலும் ஏறும். ஒரு கிலோ கூழுக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஜாமை இறுகவைக்கிற பெக்டின் விளாம்பழத்தில் தாராளமாக இருக்கிறது, ஆகவே ஜெலட்டின், கடற்பாசி, சோளமா எதுவும் தேவையில்லை. அதே காரணத்தால், நினைப்பதைவிடக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கவேண்டும். சட்டியில் இறுக்கமாகத் தெரியும்வரை காய்ச்சினால் ஆறியபிறகு கரண்டியே இறங்காது.

பதம் பார்க்க ஒரு சின்னத் தட்டை முன்கூட்டியே பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள். அதில் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் பொறுத்து, விரலால் நடுவில் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடாமல் நின்றால், ஓரத்தைத் தள்ளும்போது மேற்பரப்பு சுருங்கினால், சரி, இறக்கலாம். கோட்டுக்குள் மீண்டும் வழிந்து வந்தால் இன்னும் ஐந்து நிமிடம். வெப்பமானி இருந்தால் 104 அல்லது 105 பாகை செல்சியஸ்.

போத்தல்களைக் கழுவி, மூடியோடு பத்து நிமிடம் கொதிநீரில் வைத்து எடுத்து, துணியால் துடைக்காமல் கவிழ்த்து முழுதாகக் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே நின்றாலும் நம் ஊர் வெக்கையில் பூஞ்சணம் வந்துவிடும். கறுவாவை எடுத்துவிட்டு, சூடாக இருக்கும்போதே, போத்தலும் சூடாக இருக்கும்போதே நிரப்பி மூடுங்கள். குளிர்ந்த போத்தலில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும். திறக்காத போத்தல் வெயில் படாத அலுமாரியில் சில மாதம் இருக்கும், திறந்ததைப் பிரிட்ஜில் வைத்து ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள். மேலே பூஞ்சணம் கண்டால் மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள், முழுப் போத்தலையும் கொட்டிவிடுங்கள்.

சீனி குறைக்கவேண்டிய ஆட்கள் வீட்டில் இருந்தால் ஒரு பங்கு கூழை வேறாக எடுத்து, கால்வாசிச் சீனியோடு இளக்கமாகக் காய்ச்சி வைக்கலாம். இது ஜாம் இல்லை, தொட்டுக்கொள்ளும் கூழ் மாதிரிதான் இருக்கும். சீனிதான் ஜாமைக் காப்பாற்றுகிறது என்பதால் இது வெளியில் நிற்காது, பிரிட்ஜில் ஒரு வாரத்துக்குள் முடிக்கவேண்டும், இல்லாவிட்டால் சின்னச் சின்னப் பெட்டிகளில் போட்டு உறையவைக்கவேண்டும். பாணுக்கும் ரொட்டிக்கும் ஜாம் நல்லது, சட்டித் தயிருக்கு இந்த இளக்கமான கூழ்தான் பொருத்தம். இதில் இரண்டு மேசைக்கரண்டியைக் கெட்டித் தேங்காய்ப்பாலில் கரைத்து, ஒரு துளி உப்புப் போட்டு, மத்தியான வெயிலில் வந்தவர்களுக்குக் கொடுங்கள். தேங்காய்ப்பாலை மட்டும் அப்போதே பிழிந்து எடுங்கள், காலையில் பிழிந்தது மத்தியானத்துக்குள் புளித்துவிடும்.