ஒத்து ஊதும் சீடர் போதுமா? யூதச் சமூக வாழ்வில் வழிகாட்டிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிலேயாக் கடலோரத்துத் திபேரியாவில், மூன்றாம் நூற்றாண்டில், ரபி (யூத சமய ஆசான்) யோகனானும் ரேஷ் லாக்கிஷும் சேர்ந்து படித்தார்கள். ரேஷ் லாக்கிஷ் முன்னாள் கொள்ளைக்காரர். அவரைக் கல்விக்குள் இழுத்து வந்து, தன் சகோதரியையும் மணம் முடித்துக் கொடுத்தவர் யோகனான்தான். ஒருநாள் வாளும் கத்தியும் எந்தக் கட்டத்தில் செய்து முடிந்த பொருளாகும் என்று வாதம் வந்தது. உலையில் காய்ச்சும்போதே என்றார் ஆசான். தண்ணீரில் தோய்த்து எடுத்த பிறகுதான் என்றார் மற்றவர். "கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியாதா!" என்று யோகனான் சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்லில் உறவு முறிந்தது. ரேஷ் லாக்கிஷ் நோயில் விழுந்து இறந்தே போனார்.

வழிகாட்டும் இடத்தில் இருப்பவர் செய்யவே கூடாத தவறு என்று நான் முதலில் வைப்பது இதைத்தான். யூத அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் பாபா மெட்சியா என்ற பகுதியில் இந்தக் கதை வருகிறது. அதே பகுதியின் மிஷ்னா, அதாவது தல்மூதுக்கு அடிப்படையான பழைய சட்ட வாசகம், மனந்திரும்பியவரிடம் 'உன் பழைய செயல்களை நினைத்துப் பார்' என்று சொல்லாதே என்று சட்டமாகவே விதிக்கிறது. மதம் மாறி வந்தவரின் பிள்ளையிடம் முன்னோரைச் சுட்டிப் பேசுவதற்கும் அங்கேயே தடை உண்டு. சட்டத்தைக் கரைத்துக் குடித்தவருக்கே நாக்கு சறுக்கியது. இன்றும் வளர்ந்த பிறகு சமய வாழ்வுக்குத் திரும்பியவர்கள் ஜெப ஆலயங்களுக்கு வருகிறார்கள். எபிரேய எழுத்தில் விரல் வைத்துத் தடவிப் படிக்கும் ஒருவரைப் பத்துப் பேர் முன்னால் 'இவர் புதுசு' என்று பாசமாகச் சொன்னால்கூட, அவர் அடுத்த வாரம் வருவது சந்தேகம்தான்.

கதை அங்கே முடியவில்லை. துக்கத்தில் இருந்த யோகனானுக்குத் துணையாக எலெயாசர் பென் பெதாத் என்ற அறிஞரை அனுப்பினார்கள். யோகனான் எதைச் சொன்னாலும், "உங்கள் கருத்துக்கு ஆதாரம் இருக்கிறது" என்று எடுத்துக் கொடுத்தார் அவர். யோகனானுக்குத் தாங்கவில்லை. "ரேஷ் லாக்கிஷ் நான் சொன்னதற்கு 24 மறுப்பு எழுப்புவான், நான் 24 விடை சொல்வேன், பொருள் விரியும். நீயோ எனக்கு ஆதாரம் தேடுகிறாய். நான் சொல்வது சரி என்று எனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தலையாட்டும் ஆட்களை மட்டும் சுற்றி வைத்துக்கொள்ளும் தலைவர்களுக்கு இதைவிடக் கூர்மையான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. யூத சமயக் கல்விக்கூடமான யெஷிவாவின் படிப்பறை சந்தைபோல் இரைவதும் இதனால்தான். இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் மறுத்துப் படிக்கும் அந்த முறைக்கு ஹவ்ரூத்தா என்று பெயர். மாணவர் குரல் ஓங்கினால் அதை மரியாதைக் குறைவு என்று அடக்கும் ஆசிரியர் கல்வியையே அடக்குகிறார்.

அடுத்தது வாசல் காவல். யாவ்னே நகரின் கல்விக்கூடத் தலைவர் இரண்டாம் கமாலியேல், உள்ளும் புறமும் ஒன்றாக இல்லாத மாணவன் உள்ளே வரக்கூடாது என்று அறிவித்து, வாசலில் காவலாள் நிறுத்தியிருந்தார். நோக்கம் நல்லதுதான். ஆனால் அதே தலைவர், தன்னோடு கருத்து வேறுபட்ட ரபி யெஹோஷுவாவைச் சபையில் எல்லாரும் பார்க்க நிற்க வைத்தார். சபை கொதித்தது. அவரை இறக்கிவிட்டு எலெயாசர் பென் அசரியாவை அமர்த்தினார்கள். தல்மூதின்படி அவருக்கு அப்போது வயது 18. அன்றே காவலாள் நீக்கப்பட்டார். புதிதாகப் போட்ட பெஞ்சுகள் 400 என்கிறார் ஒருவர், 700 என்கிறார் இன்னொருவர். 'இத்தனை பேருக்குத் தோராவை (வேதக் கல்வியை) நான் மறுத்துவிட்டேனோ' என்று கமாலியேல் கலங்கினார். தகுதி பார்ப்பதாக நினைத்து நாம் திருப்பி அனுப்பியவர்களின் எண்ணிக்கை கதவைத் திறக்கும் வரை தெரிவதில்லை.

பிறகு அவர் மன்னிப்புக் கேட்க யெஹோஷுவாவின் வீட்டுக்குப் போனார். சுவரெல்லாம் கரி. "நீங்கள் கரித்தொழில் செய்கிறீர்கள் என்று சுவரைப் பார்த்தால் தெரிகிறது" என்றார். "அறிஞர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று அறியாத உம்மைத் தலைவராகப் பெற்ற தலைமுறைக்கு ஐயோ" என்றார் யெஹோஷுவா. இத்தனை ஆண்டு கூடவே இருந்தும் அந்த வீட்டை அவர் பார்த்ததில்லை! கூடப் படிப்பவர் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று அறியாமல் அவருக்கு வழிகாட்ட முடியாது.

எல்லாவற்றையும் ஒருவர் தலையிலேயே சுமத்தும் தவறு மிகப் பழையது. காலை முதல் மாலை வரை தனியாக வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயிடம் மாமனார் எத்திரோ, நீர் செய்வது நல்லதல்ல, நீரும் தளர்வீர் ஜனமும் தளரும் என்று சொன்னது யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யூதக் கூட்டு வழிபாட்டுக்கு வேண்டியது பத்துப் பேர். ரபி கட்டாயமில்லை, தெரிந்த எவரும் முன்நின்று நடத்தலாம். இப்படி ஏற்பாடு இருந்தும் பல சபைகளில் எல்லாமே ரபியின் வேலையாகிவிடுகிறது. இளைஞர்களுக்கோ 13 வயதில் சமயப் பொறுப்பேற்கும் சடங்கான பார் மிட்ஸ்வா நடத்தி, விருந்து வைத்து, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். 1929இல் தொடங்கிய ப்னே அகிவா போன்ற இளைஞர் இயக்கங்களில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளே சிறுவர் குழுக்களை நடத்துகிறார்கள். பொறுப்பு கொடுத்துப் பார்த்தால்தான் தலைமை வரும். நாற்காலி அடுக்கச் சொல்வதைப் பொறுப்பு என்று நினைக்கக் கூடாது.

ஒரு தவறு மற்றவற்றைப் போன்றதல்ல. ஆசான் மாணவரிடம் அத்துமீறும்போது, புறங்கூறல் பாவம் என்றும் சமூகத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்றும் சொல்லி மூடி மறைப்பது. கடவுளின் பெயருக்கே களங்கம் வரும் இடத்தில் ஆசானுக்கு மரியாதை காட்டுவதில்லை என்று தல்மூதே சொல்லியிருக்கிறது. அத்துமீறல் அப்படிப்பட்ட களங்கம்தான். இதற்கு வேறு விளக்கம் தேடுவது பிள்ளைகளைக் கைவிடுவது.

கமாலியேலுக்கு வருவோம். பதவி போன நாளிலும் அவர் கல்விக்கூடத்துக்கு வராமல் இருக்கவில்லை. சமாதானம் ஆனதும் பதவி அவருக்குத் திரும்பியது, ஆனால் இளையவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மூன்று ஓய்வுநாளில் மூத்தவர் உரையாற்றுவார், ஒன்றில் இளையவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள்.

பின்னொரு சமயம் ரபி யெஹோஷுவாவைப் பார்க்க இரண்டு மாணவர்கள் பெக்கியின் என்ற ஊருக்குப் போனார்கள். "இன்று கல்விக்கூடத்தில் என்ன புதிதாகச் சொன்னார்கள்?" என்று கேட்டார் அவர். "நாங்கள் உங்கள் மாணவர்கள், உங்கள் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்" என்றார்கள், உங்களிடம்தான் கற்கிறோம் என்ற பொருளில். "இருக்கட்டும். புதுமை இல்லாத கல்விக்கூடம் கிடையாது. இந்த வாரம் யாருடைய முறை?" என்று விடாமல் கேட்டார். எலெயாசர் பென் அசரியாவின் முறை என்றார்கள்.